கன்னங்கரா: வகுப்பறையிலிருந்து கல்வி அமைச்சுக்கு

ரந்தொம்பேயிலிருந்து ரிச்மண்டுக்கு

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884 ஒக்டோபர் 13ஆம் திகதி இலங்கையின் தென்மேற்குக் கரையில், அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரந்தொம்பே என்னும் சிற்றூரில் பிறந்தார். கணித ஆசிரியராகத் தொழில் தொடங்கிய இவர் பின்னர் சட்டம் படித்து, மக்கள் பிரதிநிதியாகி, 1931 முதல் 1947 வரை பதினாறு ஆண்டுகள் நாட்டின் கல்வி அமைச்சராக இருந்தார். பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லாமல் படிக்கும் உரிமை இலங்கைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது இவருடைய காலத்தில்தான். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே ‘இலவசக் கல்வியின் தந்தை’ என்று அழைப்பது இவரையே.

தந்தை பலப்பிட்டிய நீதிமன்றத்தில் பிஸ்கால் பிரிவு அலுவலர். பட்டினி கிடந்த குடும்பம் அல்ல. ஆனால் பிள்ளையைக் காலி நகரத்தின் பெரிய ஆங்கிலக் கல்லூரி ஒன்றில் விடுதியில் சேர்த்துப் படிப்பிக்கும் வசதியும் அதற்கு இருக்கவில்லை. கன்னங்கரா முதலில் படித்தது அம்பலாங்கொடையில் வெஸ்லியன் மிஷன் நடத்திய பாடசாலையில். அங்கே நடந்த பரிசளிப்பு விழா ஒன்றுக்குக் காலி ரிச்மண்ட் கல்லூரியின் அதிபர் ஜேம்ஸ் ஹோர்ன் டாரல் பாதிரியார் தலைமை தாங்க வந்தார். மேடைக்குத் திரும்பத் திரும்ப ஏறி வந்து பெரும்பாலான பரிசுகளை வாங்கிச் சென்ற சிறுவனைப் பார்த்து, இந்தப் புத்தகங்களை வீட்டுக்கு ஏற்ற மாட்டுவண்டி பிடிக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. ரிச்மண்ட் கல்லூரியில் புலமைப்பரிசில் பெற்றுப் படிக்கும் வாய்ப்பு அந்தச் சந்திப்பின் வழியாகவே கன்னங்கராவுக்குக் கிட்டியது.

1876இல் தொடங்கிய ரிச்மண்ட் கல்லூரி தென்மாகாணத்தின் முன்னணிப் பாடசாலைகளுள் ஒன்று. கன்னங்கரா அங்கே கணிதத்தில் தனித்து விளங்கினார். கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் சிறப்புச் சித்தி பெற்றார். கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கினார், நாடக மேடையிலும் ஏறினார். அன்று ஓர் ஊர்ப்பிள்ளை எட்டக்கூடிய உயர்ந்த கல்வி அதுவே. அந்தக் கல்வி அவருக்குக் கிடைத்ததற்கு அவருடைய திறமை மட்டும் காரணம் அல்ல. ஒரு பாதிரியார் ஒரு நாள் அந்த ஊருக்கு வந்ததும் காரணம். அவர் வராத ஊர்களிலும் திறமையுள்ள பிள்ளைகள் இருந்தார்கள். கன்னங்கராவின் பிற்காலத் திட்டங்கள் அனைத்தும், தனக்குத் தற்செயலாய்த் திறந்த கதவை எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் உரிமையாய்த் திறந்து வைக்கும் முயற்சிகளாகவே அமைந்தன.

ஆசிரியப் பணி

படிப்பு முடிந்ததும் ரிச்மண்ட் கல்லூரியிலேயே கணித ஆசிரியரானார். தன்னை வளர்த்த டாரல் பாதிரியாரின் கீழ்ப் பணியாற்றும் பேறு சில காலமே வாய்த்தது. 1906இல் கல்லூரியில் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது, நோயுற்ற மாணவர்களுக்குப் பணிவிடை செய்த டாரலையும் அந்நோய் பற்றி, அவர் உயிர் துறந்தார். மாணவருக்காகத் தன்னையே கொடுத்த அந்த அதிபரைக் கன்னங்கரா வாழ்நாள் முழுதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பிறகு கொழும்புப் பக்கம் சென்று மொரட்டுவை பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ் கல்லூரியிலும் கொழும்பு வெஸ்லி கல்லூரியிலும் கற்பித்தார். பகலில் ஆசிரியப் பணியும் எஞ்சிய நேரத்தில் சட்டப் படிப்புமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1910இல் பிறக்கிராசியாக, அதாவது வழக்கறிஞராக, தகுதி பெற்றுக் காலியில் தொழில் தொடங்கினார்.

அவர் வகுப்பறையில் நின்ற ஆண்டுகள் எண்ணிக்கையில் சில. ஆனால் அந்தச் சில ஆண்டுகளில் நாட்டின் கல்வி முறையை உள்ளிருந்து பார்த்திருந்தார். அன்றைய பாடசாலைகள் இரு வகுப்பினருக்கான இரு உலகங்கள். சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்த சுயபாஷைப் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. அங்கே படித்தவருக்கு உயர்ந்த உத்தியோகமும் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும். அரசாங்க எழுதுவினைஞர் பதவி தொடங்கி மருத்துவம், சட்டம், சிவில் சேவை வரை எல்லா வாயில்களும் அவற்றின் வழியே திறந்தன. பாடசாலை செல்லும் பிள்ளைகளில் சிறு பகுதியினரே ஆங்கிலப் பாடசாலைகளில் இருந்தனர். வறியவனுக்குக் கிடைத்த இலவசக் கல்வி அவனை அவன் இருந்த இடத்திலேயே இருத்தியது. கல்வி இலவசமாக வேண்டும் என்று அவர் பின்னாளில் சொன்னபோது, மேலே ஏற்றிவிடும் கல்வி இலவசமாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

பொதுவாழ்வில் நுழைவு

காலியில் வழக்காடத் தொடங்கிய மறு ஆண்டே அரசியல் அவரை அழைத்தது. 1911இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஒரேயோர் ஆசனத்துக்குச் சட்டநிரூபண சபைத் தேர்தல் நடந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவும் போட்டியிட்டனர். இளம் பிறக்கிராசியான கன்னங்கரா இராமநாதனுக்காக உழைத்தார். இராமநாதன் வெற்றி பெற்றார். சிங்கள வாக்காளர் பெரும்பான்மையாக இருந்த தொகுதியில் தமிழர் ஒருவர் வென்ற அந்தத் தேர்தல் இலங்கை வரலாற்றில் என்றும் பேசப்படுவது.

1915இல் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டம் பிறப்பித்தது. மதுவிலக்கு இயக்கத்தில் முன்நின்ற சிங்களத் தலைவர்கள் பலர் சிறை வைக்கப்பட்டனர். சபையில் இராமநாதன் அந்த அடக்குமுறைக்கு எதிராக முழங்கினார். காலியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காகக் கன்னங்கரா நீதிமன்றத்தில் நின்று வாதாடினார். தென்மாகாண மக்கள் அவரைத் தம் மனிதராக அறிந்துகொண்டது அக்காலத்தில்தான்.

1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. கன்னங்கரா அதில் ஈடுபட்டு உழைத்தார். 1923இல் தென்மாகாணத்திலிருந்து சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். 1930இல் காங்கிரஸின் தலைவரானார்.

முதலாவது கல்வி அமைச்சர்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் பிற குடியேற்ற நாடுகள் எதுவும் அதுவரை காணாத மாற்றம் இது. சட்டநிரூபண சபையின் இடத்தில் அமைந்த அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து இயங்கியது. ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவு செய்ய, அவரே அந்தத் துறையின் அமைச்சரானார். காலித் தொகுதியில் வென்ற கன்னங்கரா கல்வி நிர்வாகக் குழுவின் தலைவரானார். கல்வி அமைச்சர் பதவியை வகித்த முதல் இலங்கையர் அவரே. 1936இல் மத்துகமைத் தொகுதியிலிருந்து மீண்டும் தெரிவாகி அதே பதவியில் தொடர்ந்தார்.

சர்வசன வாக்குரிமைக்கும் இலவசக் கல்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எழுத்தறியாத குடியானவனும் வாக்காளனாகிவிட்ட பிறகு, அவனுடைய பிள்ளையின் படிப்பை எந்த அரசியல்வாதியாலும் ஒதுக்கிவைக்க முடியவில்லை. கன்னங்கராவின் திட்டங்களுக்குப் பின்னாளில் துணைநின்ற பெரும் பலம் இந்த வாக்காளர் கூட்டமே.

அந்தச் சபையில் தமிழரின் இடம் சிக்கலாகவே இருந்தது. முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு என்பதால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1936இல் அமைந்த அமைச்சர் சபையில் ஏழு அமைச்சர்களும் சிங்களவராகவே இருந்தனர். கன்னங்கராவும் அவர்களுள் ஒருவர். தமிழர் மனத்தில் இது ஆழ்ந்த கசப்பை விதைத்தது. கல்வித் திட்டங்கள் எல்லா இனத்தவரையும் நோக்கி எழுந்தபோதும், அவை எழுந்த அரசியற் சூழலில் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

பதவியேற்ற தொடக்க ஆண்டுகளில் அமைச்சருக்கு அதிகாரம் குறைவு, பணமும் குறைவு. உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, இறப்பர் விலைகளை வீழ்த்தியிருந்தது. 1934, 1935இல் மலேரியா நாட்டை வாட்டியது. கல்விக் கொள்கையில் மிஷன் பாடசாலை முகாமையாளர்களின் செல்வாக்கு மிகுந்திருந்தது. அந்த நிலையிலும் சில முயற்சிகள் தொடங்கின. கண்டிக்கு அருகே ஹந்தெஸ்ஸையில் உருவான கிராமியக் கல்வித் திட்டம் அவற்றுள் ஒன்று. உழவு, கைத்தொழில், சுகாதாரம் ஆகியவற்றைப் பாடத்தோடு இணைத்து, பாடசாலையைக் கிராமத்தின் வாழ்வோடு கட்டும் முயற்சி அது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் வந்த பிறகே கொள்கை வகுக்கும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு உறுதியாக வந்தது. எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து பெற்ற இந்தச் சட்டமே பின்வந்த சீர்திருத்தங்களுக்கு அடித்தளமானது.

மத்திய மகா வித்தியாலயங்கள்

நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளுக்கு ஈடான பாடசாலைகளைக் கிராமப்புறங்களில் அரசே கட்ட வேண்டும் என்பது கன்னங்கராவின் உறுதி. மத்திய பாடசாலைகள் என்று பெயர் பெற்ற அவை 1940களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாய் எழுந்தன. முதலில் எழுந்தவற்றுள் மத்துகமைப் பாடசாலை ஒன்று. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தப் பத்தாண்டுகள் முடிவதற்குள் அத்தகைய பாடசாலைகளின் தொகை 54 ஆயிற்று.

இவற்றின் அமைப்பு நுணுக்கமாகத் திட்டமிடப்பட்டது. விஞ்ஞான ஆய்வுகூடம், நூலகம், தொழிற்கூடம், விளையாட்டுத் திடல், மாணவர் விடுதி ஆகியவை ஒரே வளவில் அமைந்தன. பயிற்றுமொழி ஆங்கிலம். பட்டதாரி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். சுற்றுவட்டாரச் சிறு பாடசாலைகளின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் தேர்வு நடந்தது. தேறியவர்களுக்கு உணவும் உறையுளும் உட்பட எல்லாம் இலவசம். ரந்தொம்பேச் சிறுவனுக்கு ஒரு பாதிரியாரின் கண்ணில் பட்டதால் கிடைத்த வாய்ப்பு, இப்போது ஆண்டுதோறும் நடக்கும் பொதுத் தேர்வாக மாறியது. அவ்வாறு தொடங்கிய ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வு இலங்கைப் பிள்ளைகள் எழுதும் முதற் பெருந்தேர்வாக இன்றும் நிலைத்திருக்கிறது.

தமிழ்ப் பகுதிகளுக்கும் இத்திட்டம் வந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. உழவரும் மீனவரும் நிறைந்த கிழக்கின் ஊர்களிலிருந்து வந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசலாயிற்று. அப்பகுதியை அரசாங்க சபையில் பிரதிநிதித்துவம் செய்த வ. நல்லையாவும் கல்விப் பணியிலிருந்து அரசியலுக்கு வந்தவரே. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முதல் வடிவம் 1981இல் உருப்பெற்றதும் அந்த வந்தாறுமூலை வளவில்தான். மத்திய பாடசாலை இருந்த இடத்தில் பல்கலைக்கழகம் எழுந்தது அந்தத் திட்டத்தின் இயல்பான வளர்ச்சி.

1943ஆம் ஆண்டு அறிக்கை

1940இல் கல்வி பற்றிய சிறப்புக் குழு ஒன்று கன்னங்கராவின் தலைமையில் அமைந்தது. சபை உறுப்பினர்கள், பாடசாலை அதிபர்கள், மதத் துறவியர், கல்வித் திணைக்கள அதிகாரிகள் எனப் பல தரப்பினரும் அதில் இருந்தனர். மூன்று ஆண்டு ஆய்வுக்குப் பின் 1943இல் அறிக்கை வெளிவந்தது. அந்த ஆண்டின் 24ஆம் இலக்க அமர்வு அறிக்கை என்று பதிவேட்டில் இருப்பதை மக்கள் ‘கன்னங்கரா அறிக்கை’ என்றே அழைத்தார்கள்.

அறிக்கையின் உயிர்நாடியான பரிந்துரைகள் நான்கு. முதலாவது, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும். இரண்டாவது, தொடக்கக் கல்வி தாய்மொழியில் நடக்க வேண்டும். மூன்றாவது, ஆங்கிலம் வசதி படைத்தவரின் தனிச்சொத்தாக இராமல் எல்லாப் பாடசாலைகளிலும் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்பட வேண்டும். நான்காவது, மிஷன்களும் பிறரும் அரசின் உதவி நன்கொடை பெற்று நடத்தும் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசே நேரடியாக வழங்க வேண்டும். இந்த நான்கும் ஒன்றையொன்று தாங்குபவை. கட்டணத்தை மட்டும் நீக்கிவிட்டு மொழித் தடையை விட்டுவைத்தால் கிராமத்துப் பிள்ளை வகுப்பில் ஊமையாய் இருப்பான். தாய்மொழியை மட்டும் தந்து ஆங்கிலத்தை மறுத்தால் பழைய இரு உலகங்களே நீடிக்கும். ஆசிரியர் சம்பளம் முகாமையாளரின் விருப்பத்தில் தங்கியிருந்தால் நல்ல ஆசிரியர் கிராமத்தில் நிலைக்கமாட்டார். ஆசிரியராக இருந்தவர் வகுப்பறையின் எல்லாப் பக்கங்களையும் கருதி வகுத்த திட்டம் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

தொடக்கக் கல்வி முடிந்ததும் பிள்ளைகளை அவரவர் திறனுக்கேற்ப மூவகைப் பாடசாலைகளுக்கு அனுப்பும் யோசனையும் அறிக்கையில் இருந்தது. ஏட்டுக்கல்வி, பொதுக்கல்வி, தொழிற்கல்வி என்று அப்பிரிவுகள் அமைந்தன. பதினொரு வயதிலேயே பிள்ளையின் எதிர்காலத்தை வரையறுப்பதைப் பெற்றோர் விரும்பவில்லை. அந்தப் பகுதி முழுமையாக நிறைவேறவில்லை.

உயர்கல்விக்கான அடித்தளம் சற்று முன்பே இடப்பட்டிருந்தது. 1942 ஜூலை முதலாம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதற்கான கட்டளைச் சட்டம் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோதே நிறைவேறியது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர் ஆனார். பிரித்தானியாவில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. அதே காலத்தில் அதன் ஆட்சிக்கு உட்பட்டிருந்த சிறு தீவு பல்கலைக்கழகக் கல்வி வரை அந்த எல்லையை நீட்டியது.

சபையில் நடந்த போராட்டம்

அறிக்கை 1944இல் அரசாங்க சபைக்கு வந்தது. எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. கத்தோலிக்க, கிறித்தவப் பாடசாலைகளை நடத்தியோர் தம் பாடசாலைகளின் தன்னுரிமையும் சமயச் சூழலும் பறிபோகும் என்று அஞ்சினர். கல்லூரிகளை மிஷன்கள் கட்டி எழுப்பிய உழைப்பும் தியாகமும் உண்மையானவை என்பதால், அந்த அச்சத்தை வெறும் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. இவ்வளவு செலவை நாடு தாங்குமா என்ற கேள்வி இன்னொரு பக்கம். உலகப் போர் இன்னும் முடியவில்லை. படித்துவிட்டால் கிராமத்தில் உடலுழைப்புக்கு ஆள் கிடைக்காது என்ற பேச்சும் வசதி படைத்தோரிடையே இருந்தது.

ஆதரவும் அதே அளவுக்குத் திரண்டது. இடதுசாரிகள், பௌத்த துறவியர், ஆசிரியர்கள், பெற்றோர் எனப் பலர் கூட்டங்கள் நடத்தி, கையொப்பங்கள் திரட்டிச் சபைக்கு அனுப்பினர். யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸ் வழிவந்தோர் தாய்மொழிக் கல்வியை நெடுங்காலமாக வலியுறுத்தி வந்தவர்கள். அவ்வியக்கத்தின் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகம் பின்னாளில் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர்.

சபையில் கன்னங்கரா ஆற்றிய உரை இலங்கையின் பாராளுமன்ற மரபில் நிலைத்த இடம் பெற்றது. செங்கல்லாகக் கண்ட ரோமாபுரியைப் பளிங்காக விட்டுச் சென்றதாகப் பெருமை கொண்டான் அகஸ்தஸ் மன்னன். கல்வியை விலையுயர்ந்த பொருளாகக் கண்டு எளியதாக விட்டுச் சென்றோம், செல்வரின் சொத்தாகக் கண்டு வறியவரின் உரித்தாக விட்டுச் சென்றோம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் இந்தச் சபையின் பெருமை அதனிலும் பெரிதாகும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். நீண்ட விவாதத்துக்கும் ஒத்திவைப்புகளுக்கும் பின் திட்டம் ஏற்கப்பட்டு, 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. திட்டத்தில் சேர்ந்த பாடசாலைகளில் கட்டணம் ஒழிந்தது. சில பெரிய கல்லூரிகள் பின்னர் அரச உதவியைத் துறந்து கட்டணப் பாடசாலைகளாக நின்றுகொண்டன.

தேர்தல் தோல்வியும் பிற்காலமும்

1947இல் நாட்டின் முதலாவது பாராளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. இலவசக் கல்வி தந்த அமைச்சர் மத்துகமையில் தோற்றார். அவரை வென்ற வில்மட் பெரேராவும் கல்வியோடு தொடர்புடையவரே. ஹொரணையில் ஸ்ரீ பாலி கலைக்கல்வி நிலையத்தை நிறுவியவர் அவர். அந்த நிலையத்துக்கு 1934இல் இரவீந்திரநாத் தாகூர் அடிக்கல் நாட்டினார். புதிய அரசில் கல்வித் துறை ஈ. ஏ. நுகவெலவின் பொறுப்புக்குச் சென்றது. தான் நட்ட மரத்துக்கு நீர் ஊற்றும் வாய்ப்புக் கன்னங்கராவுக்குப் பின்னர் கிடைக்கவேயில்லை.

இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகச் சில காலம் இருந்தார். 1952இல் அகலவத்தைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்று உள்ளூராட்சி அமைச்சரானார். 1956இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். பதவியால் செல்வம் சேர்க்காதவர் என்பதால் முதுமையில் பொருள் நெருக்கடி வந்தது. அரசு அவருக்கு உதவித்தொகை வழங்கியது. 1969 செப்டெம்பர் 23ஆம் திகதி காலமானார். அவர் பிறந்த ஒக்டோபர் 13ஆம் நாளில் தேசிய கல்வி நிறுவகம் அவர் பெயரில் நினைவுப் பேருரைகளை நடத்தி வருகிறது.

திட்டத்தின் விளைவுகள்

1946ஆம் ஆண்டுக் குடிக்கணிப்பின்போது இலங்கையின் மக்கள்தொகை ஏறத்தாழ 66 இலட்சம். எழுத்தறிவு 58 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. 1981இல் அது 87 விழுக்காட்டளவுக்கு உயர்ந்தது. பெண்களின் எழுத்தறிவு ஆண்களைவிட வேகமாக வளர்ந்தது. பெண்பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் செலவிடத் தயங்கிய குடும்பங்களில், கட்டணம் நீங்கியதும் அந்தத் தயக்கமும் நீங்கியது. படித்த தாய்மாரின் வீடுகளில் குழந்தை இறப்புக் குறைந்தது. குறைந்த வருமானமுள்ள நாடாக இருந்தும் மக்கள்நலக் குறியீடுகளில் இலங்கை உயர்ந்து நின்றதற்கு இலவச மருத்துவத்தோடு இலவசக் கல்வியும் காரணம் என்பது பொருளியலாளர் பலரும் ஏற்கும் முடிவு.

வட, கிழக்குத் தமிழர் வாழ்விலும் இதன் பயன் பெரிது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் காலம் தொட்டே பாடசாலைகள் செறிந்திருந்தன. ஆனால் அங்கும் பள்ளிச் சம்பளம் கட்ட முடியாதோர் பலர், சாதியின் பெயரால் வாசலிலேயே நிறுத்தப்பட்டோரும் பலர். கட்டணம் ஒழிந்தது முதல் தடையை நீக்கியது. இரண்டாம் தடைக்கு எதிரான போராட்டம் நீண்டது. எனினும் அரசின் பணத்தில் நடக்கும் பாடசாலையில் எல்லோருக்கும் இடம் உண்டு என்ற வாதத்துக்கு இலவசக் கல்வி வலுவான பிடிமானமாயிற்று.

அவர் தொடங்கியதைப் பின்வந்தோர் விரிவாக்கினர். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசுடைமையாயின. அப்போது கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூத் கம்பளை சாஹிராக் கல்லூரியின் அதிபராகப் பணியாற்றியவர். 1980இல் இலவசப் பாடநூல்கள் வந்தன. இலவசச் சீருடை அதற்குப் பின் வந்தது.

எட்டாத எல்லைகள்

இலவசக் கல்வி நீண்ட காலம் எட்டாத பகுதி மலையகம். தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரின் பிள்ளைகளுக்கு இருந்தவை தோட்ட நிர்வாகம் நடத்திய தோட்டப் பாடசாலைகள். பெரும்பாலானவற்றில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் மட்டுமே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. வாக்கு இருந்தவரின் பிள்ளைக்குப் பாடசாலை வந்ததும், வாக்கு இழந்தவரின் பிள்ளைக்கு வராமற்போனதும் ஒரே விதியின் இரு பக்கங்கள். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் வருவதற்கு 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏற்றுமதிப் பயிர்களின் வருமானம் அரசின் செலவைத் தாங்கிய நாட்டில், அந்த வருமானத்தை ஈட்டித்தந்த உழைப்பாளரின் பிள்ளைகள் ஒரு தலைமுறைக் காலம் பின்தங்கினார்கள். இத்திட்டத்தின் மிகப்பெரிய குறை இதுவே.

இரண்டாவது, மொழி. 1944 மே மாதம் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கக் கோரும் பிரேரணையைக் கொண்டுவந்தார். தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை வ. நல்லையா முன்வைத்தார். திருத்திய பிரேரணை நிறைவேறியது. கன்னங்கரா அறிக்கையின் தாய்மொழிக் கொள்கையும் இரு மொழிகளையும் சமமாகவே கருதியது, ஆங்கிலத்தை இரு சாராருக்கும் பொதுவான இணைப்பாகவும் வைத்திருந்தது. 1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் அந்தச் சமநிலையைக் குலைத்தது. ஆங்கிலக் கற்பித்தல் நலிந்தது. சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பாடசாலையில் படித்தாலும் தனித்தனி வகுப்புகளில் அமர்ந்து, ஒருவர் மொழியை மற்றவர் அறியாமலே வளர்ந்தனர். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகள் மொழிவாரியாகத் தரப்படுத்தப்பட்டபோது தமிழ் இளைஞர் கொதித்தெழுந்தனர். அந்த அநீதிக்குக் கன்னங்கரா பொறுப்பாளி அல்லர். ஆனால் நான்கு பரிந்துரைகளில் ஒன்றைச் சாய்த்தால் மற்றவை தாங்கமாட்டா என்று அவருடைய அறிக்கை கண்ட உண்மையை அந்த வரலாறு வேறொரு வழியில் உறுதிப்படுத்தியது.

ஆசிரியரின் முத்திரை

கன்னங்கராவின் அமைச்சுப் பணியில் ஆசிரியரின் முத்திரை மூன்று இடங்களில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. கல்வியை அவர் செலவினக் கணக்காகப் பாராமல் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தார். அதனால்தான் கட்டண நீக்கத்தோடு விடுதியையும் உணவையும் சேர்த்தே சிந்தித்தார். ஆசிரியர் நிலை உயராமல் பாடசாலை உயராது என்று அறிந்திருந்தார். அதனால்தான் சம்பளப் பொறுப்பை அரசின் கையில் சேர்த்தார். ஒரு பாடம் ஓர் ஆண்டில் முடிவதில்லை என்ற ஆசிரியரின் பொறுமையும் அவரிடம் இருந்தது. 1931இல் அமைச்சரானவர் 1939இல் சட்டத்தையும், 1943இல் அறிக்கையையும், 1945இல் நடைமுறையையும் ஒவ்வொரு படியாக அடைந்தார்.

இன்று இலங்கையின் வைத்தியசாலைகளிலும் நீதிமன்றங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றுவோருள் பெரும்பாலோர் பள்ளிச் சம்பளம் கட்டாமல் படித்து வந்தவர்கள். சிங்களத்தில் படித்தவரும் தமிழில் படித்தவரும் அவர்களுள் அடங்குவர். அரசாங்க சபை 1945இல் ஏற்றுக்கொண்ட அந்த உரிமையைப் பின்வந்த எந்த அரசும் முற்றாக நீக்கத் துணியவில்லை.